கடவுள் எந்த பிராஞ்சில் இருக்கிறார்?

நம்ம ஊர் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இரண்டு வாக்கியங்கள் மனப்பாடமாக இருக்கும். முதலாவது: தேவன் சர்வவியாபி, அவர் இல்லாத இடமே இல்லை. இரண்டாவது, கீபோர்டு மெல்லிசாக வாசிக்க ஆரம்பித்ததும் வரும்: இதோ, தேவ பிரசன்னம் இந்த மைதானத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது, கைகளை உயர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம்கூட இருக்காது. ஏற்கெனவே இங்கே இருப்பவர் எங்கேயிருந்து இறங்குகிறார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. காணிக்கைப் பை வந்துவிடும்.

நான் இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் ஒரே சரக்கை 'கையிருப்பில் இருக்கிறது' என்று ஒரு பேரேட்டிலும், 'இன்று இரவு வந்து சேர்கிறது' என்று இன்னொரு பேரேட்டிலும் எழுதியிருந்தால், நடுவில் யாரோ கமிஷன் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொள்ள பி.காம். போதும்.

சும்மா வம்புக்காக இதை எழுதவில்லை. இங்கே நாக்பூரில் நாங்கள் முப்பது, நாற்பது தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு மாலை ஒரு ஆலயத்தின் பக்கத்து ஹாலில் கூடுகிறோம். அதில் ஒரு அம்மா. கணவர் ரயில்வேயில் இருந்தவர், பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. அவரைப் புரட்டிப் போடவும், துடைத்துவிடவும், கஞ்சி ஊட்டவும் இவர் ஒருத்திதான். பதினோரு மாதமாகக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் (பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்) அவர் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டு, "சிஸ்டர், இந்த வீட்டை விட்டுப் பிரசன்னம் விலகிருச்சு" என்று சொல்லியிருக்கிறார். திரும்ப வர மூன்று நாள் விசேஷ ஜெபம். அதற்கொரு விசேஷ காணிக்கை.

அந்த அம்மா அடுத்த நாள் இரண்டு வளையலோடு என் கிளைக்கு வந்தார். நகைக் கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது, "அண்ணே, நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னண்ணே எழுதணும்?" என்று கேட்டார். எதுக்கும்மா பணம் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதுங்கண்ணே, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.) வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு நாளைக்கு வாங்கம்மா என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. வளையல் பக்கத்துத் தெரு அடகுக்கடைக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அங்கே நோக்கம் என்று கட்டமெல்லாம் கிடையாது.

அந்த ஊழியக்காரர் திருடினாரா, ஏமாற்றினாரா என்பது என் பேச்சு இல்லை. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதுதான் என் பேச்சு. கிறிஸ்தவ நம்பிக்கையின்படி அது பொய். இரண்டாயிரம் வருஷமாகச் சபை நம்பி வந்ததற்கு நேர் எதிரான பொய்.

எங்கும் நிறைந்தவர் என்றால் என்ன? நம்மில் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது காற்று மாதிரி ஒரு படம். கடவுள் ஏதோ மெல்லிய ஆவி, பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கிறார், சில இடத்தில் அடர்த்தியாக, சில இடத்தில் லேசாக. இந்தப் படத்தை வைத்துக்கொண்டால் விலகிப் போவதும் இறங்கி வருவதும் சுலபமாகப் பொருந்தும். ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிற மாதிரி.

இந்தப் படத்தைப் புனித அகஸ்டின் 1600 வருஷத்துக்கு முன்னாலேயே கிழித்துப் போட்டார். 397-ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய தன் 'அறிக்கைகள்' நூலின் ஏழாம் பாகத்தில், இளம் வயதில் தானும் கடவுளை இப்படி எல்லையில்லாமல் பரவிய ஒரு பொருளாகத்தான் கற்பனை செய்ததாகச் சொல்கிறார். கடல் போலக் கடவுள், அதில் ஊறிக்கிடக்கும் பஞ்சு போல உலகம். அப்புறம் அவரே அதன் அபத்தத்தைக் காட்டுகிறார். அப்படியானால் பெரிய இடத்தில் நிறையக் கடவுள், சின்ன இடத்தில் கொஞ்சம் கடவுள் என்று ஆகும். சிட்டுக்குருவியைவிட யானைக்குள் கடவுள் அதிகம் இருப்பார். நம் ஆட்கள் இன்னும் யானைக் கணக்கில்தான் இருக்கிறார்கள். மைதானம் பெரிதாக இருந்தால் பிரசன்னம் அதிகம், ஒற்றை அறை ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றால் குறைவு.

சபை சொல்வது வேறு. கடவுள் பகுதி பகுதியாகப் பிரிந்து பரவியிருக்கவில்லை. ஒவ்வொரு இடத்திலும் முழுவதுமாக இருக்கிறார். அதே நேரத்தில் எந்த இடமும் அவரை அடக்கி வைத்திருக்கவில்லை.

எங்கள் தொழிலில் இருந்து ஒரு உவமை சொல்கிறேன். கோர் பேங்கிங் வருவதற்கு முன்னால் உங்கள் கணக்கு ஒரு கிளையின் லெட்ஜரில் இருந்தது. திருநெல்வேலி கிளையில் கணக்கு என்றால் நாக்பூரில் நீங்கள் யாரோ. டிராஃப்ட் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். இப்போது எந்தக் கிளையில் போய் நின்றாலும் முழுக் கணக்கும் அங்கே இருக்கிறது. ஆயிரம் கிளை இருப்பதால் உங்கள் இருப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கி விடுவதில்லை. சரி, உவமை எங்கே உடையும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கு உண்மையில் ஏதோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது, லைன் போனால் கதை கந்தல். கடவுளுக்குத் தலைமை அலுவலகம் என்று ஒரு இடம் இல்லை. 'பரலோகத்தில் இருக்கிற' என்று ஜெபிக்கிறோமே என்றால், அது ஒரு விலாசம் இல்லை.

'தூணிலும் இருப்பார் துரும்பிலும் இருப்பார்' என்பதும் இதுவும் ஒன்றுதானே என்று என் பக்கத்து சீட் நண்பர் கேட்டார். பிரகலாதன் கதையை நான் சின்ன வயதிலிருந்து ரசித்துக் கேட்டவன், அதைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் நம் பிரசங்கிமார் அதே சொலவடையை எடுத்துக் கையாளும்போது ஒன்றை விளக்க மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்தவ நம்பிக்கையில் தூண் கடவுள் இல்லை, கடவுளின் ஒரு துண்டும் இல்லை. தூண் படைப்பு, அவர் படைத்தவர். இரண்டும் ஒருபோதும் கலப்பதில்லை. ஆனால் அந்தத் தூண் இந்த நிமிஷம் இல்லாமல் போய்விடாமல் இருக்கிறதே, அதற்குக் காரணம் அவர் அங்கே இருப்பது.

இங்கேதான் விஷயத்தின் கரு. 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தன்னுடைய 'இறையியல் தொகுப்பு' நூலின் முதல் பாகத்தில் எட்டாவது கேள்வியை முழுக்க இதற்கே ஒதுக்கினார். கொத்தனார் கட்டிவிட்டுப் போன பிறகும் வீடு நிற்கும். கடவுளுக்கும் உலகத்துக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதல்ல என்கிறார். சூரியன் இருக்கும் வரைதான் காற்றில் வெளிச்சம். சூரியன் போனால் வெளிச்சத்தின் மிச்சம் என்று எதுவும் தங்காது. அதே போல, ஒரு பொருள் 'இருக்கிறது' என்பதே கடவுள் அதற்கு இருப்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான். எது நடக்கிறதோ அங்கே அதை நடத்துகிறவர் இருக்க வேண்டும். ஆகவே எது இருக்கிறதோ அதற்குள், அதன் ஆக உள்ளே, அவர் இருக்கிறார். ராஜாவுக்கு ராஜ்யம் முழுக்க அதிகாரம் உண்டு, ஆனால் ராஜா ஒரு இடத்தில்தான் உட்கார முடியும். கடவுளுக்கு அந்தக் குறை இல்லை. வல்லமையாலும் எங்கும், பார்வையாலும் எங்கும், தம் இருப்பாலேயே எங்கும். பிசாசுக்குள்ளுமா என்று அக்வினாஸே கேட்டுக்கொள்கிறார் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதன் பொல்லாப்பு கடவுளுடையது இல்லை, ஆனால் அது ஒரு பொருளாக இருக்கிறது என்ற அளவில் அங்கும் அவர் இருப்பு உண்டு என்பது அவர் பதில்.

பவுல் ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நின்று, சபையின் வாசலை மிதிக்காத கிரேக்கர்களைப் பார்த்து, அவர் நம்மில் ஒருவருக்கும் தூரமானவர் அல்ல என்ற பொருளில் பேசியதும் (அப்போஸ்தலர் 17) இதே அடிப்படையில்தான்.

இப்போது அந்த ஊழியக்காரரின் வாக்கியத்துக்கு வாருங்கள். இந்த வீட்டை விட்டுக் கடவுள் விலகிவிட்டார். ஐயா, அவர் விலகியிருந்தால் நீங்கள் நிற்க வாசல் இருந்திருக்காது. சுவர் இருந்திருக்காது. உள்ளே கட்டிலில் கிடக்கிற மனிதர் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும், அந்த அம்மா கலக்கிக்கொண்டிருந்த கஞ்சியின் சூடும் அவர் அங்கே இருப்பதற்கு அத்தாட்சி. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அவரைக் காணோம் என்றீர்கள்.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். வேதாகமத்திலேயே விசேஷ பிரசன்னம் இருக்கிறதே? எரிகிற முட்செடி, மேக ஸ்தம்பம், ஆலயத்தை நிரப்பிய மகிமை, இரண்டு மூன்று பேர் கூடும் இடம். இருக்கிறது. மறுக்கவே முடியாது. அகஸ்டின் 417-ல் தார்தானுஸ் என்ற ரோம அதிகாரிக்கு எழுதிய நீண்ட கடிதம் இதைப் பற்றியதுதான். கடவுள் எங்கும் முழுவதுமாக இருக்கிறார், ஆனால் எல்லாருக்குள்ளும் ஒரே விதமாக வாசம் செய்வதில்லை என்கிறார் அவர். வித்தியாசம் யார் பக்கம்? அவர் வந்து போவதில் இல்லை. மனிதர் ஏற்றுக்கொள்கிற விதத்தில். வெயில் எல்லார் முற்றத்திலும்தான் அடிக்கிறது, கண் தெரிந்தவனுக்கு அது வெளிச்சம்.

பெத்லகேம் மட்டும் என்ன, அங்கே ஒரு தொட்டிலில் அடங்கவில்லையா என்று கேட்கலாம். 4-ம் நூற்றாண்டில் அதனாசியஸ் இதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறார். வார்த்தையானவர் அந்த உடலில் இருந்தபோதே உலகம் முழுவதையும் தாங்கிக்கொண்டும் இருந்தார், உடல் அவரைக் கட்டிப்போடவில்லை.

'இரண்டு மூன்று பேர்' வசனத்தையும் (மத்தேயு 18) கொஞ்சம் முன்பின் சேர்த்துப் படியுங்கள். சகோதரர்களுக்குள் தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பது என்ற பேச்சின் நடுவில் வருகிறது அது. மைதானத்துக்கு ஆள் சேர்க்கச் சொன்னது இல்லை. சொல்லப்போனால் இரண்டு பேர் போதும் என்பதுதான் அங்கே செய்தி. படுக்கையில் ஒருத்தர், பக்கத்தில் ஒருத்தர். கோரம் ஆகிவிட்டது!

'பிரசன்னம் விலகும்' என்பதற்கு அவர்கள் கையில் இருக்கிற பெரிய ஆயுதம் எசேக்கியேல். மகிமை எருசலேம் ஆலயத்தை விட்டுக் கிளம்பி, நகரத்தைக் கடந்து, கிழக்கே மலைமேல் போய் நிற்கிற காட்சி 10, 11-ம் அதிகாரங்களில் இருக்கிறது. உண்மைதான். எங்கேயிருந்து கிளம்பியது என்று பாருங்கள். ஏழை வீட்டிலிருந்து அல்ல, ஆலயத்திலிருந்து. விக்கிரகங்களை உள்ளே வைத்துக்கொண்டு, நகரத்தை இரத்தத்தால் நிரப்பிவிட்டு, கடவுள் எங்கள் பாக்கெட்டில் என்று உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களின் நடுவிலிருந்து. அதே 11-ம் அதிகாரத்தில், பாபிலோனுக்குத் துரத்தப்பட்டுப் போனவர்களுக்கு நானே ஒரு சின்னப் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்ற வாக்குறுதி வருகிறது. ஆலயத்தில் இருந்தவர்கள்தான் அவர்களைக் கர்த்தருக்குத் தூரமானவர்கள் என்று ஏளனம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆலயமே இடிந்தது கி.மு. 586-ல். அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, பாபிலோனில் கேபார் நதி ஓரத்தில், அகதிகளுக்கு நடுவே எசேக்கியேல் சிங்காசனத்தைப் பார்த்துவிட்டார். அந்தச் சிங்காசனத்தோடு சக்கரங்களும் இருந்தன. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவன் நான், எனக்கு அந்தச் சக்கரங்களை நினைத்தால் ஒரு தெம்பு.

(34-ம் அதிகாரத்தையும் ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொள்ளும் மேய்ப்பர்களைப் பற்றியது.)

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கும் நிறைந்தவர் என்றால் சிசிடிவி. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளிடம், நீ இருட்டில் செய்வதையும் அவர் பார்க்கிறார் என்று மிரட்டுவதற்கு மட்டும் இந்த உபதேசம். 139-ம் சங்கீதம்தான் ஆதாரமாம். எங்கள் ஸ்ட்ராங் ரூம் வாசலில் கேமரா இருக்கிறது. கூரை இடிந்து விழுந்தாலும் அது பதிவு செய்துகொண்டே இருக்கும், ஒரு கையைக்கூட நீட்டாது. சங்கீதக்காரன் பேசுவது நீட்டிய கையைப் பற்றி. வானத்துக்கு ஏறினாலும், பாதாளத்தில் படுத்தாலும், கடலின் கடைக்கோடிக்குப் பறந்தாலும் அங்கேயும் அவர் கை பிடித்துக்கொள்ளும் என்கிறான். தப்பி ஓட முடியாது என்ற திகிலும் அதில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எரேமியா 23-ல் அது கடுமையாகவே வருகிறது. ஆனால் எரேமியா அங்கே திட்டுவது யாரை என்று பார்த்தால் சிரிப்பு வரும். பொய்த் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களை! நான் தூரத்திலும் கடவுள் என்று அவர் எச்சரித்தது, கர்த்தர் பெயரைச் சொல்லிச் சொந்தச் சரக்கை விற்றவர்களைப் பார்த்து.

கடவுளுக்கு எல்லை போட்டவர்கள் கதையும் வேதத்தில் உண்டு. 1 இராஜாக்கள் 20-ல், மலைப்பாங்கான இடத்தில் தோற்றுப்போன சீரிய ராஜா பெனாதாத்திடம் அவன் ஆட்கள், இஸ்ரவேலின் கடவுள் மலைக் கடவுள், சமவெளியில் சண்டை போட்டால் ஜெயித்துவிடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். அடுத்த வருஷம் சமவெளியில் அடி வாங்குகிறார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதே அந்தத் தோல்விக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மைதானக் கடவுள், வீட்டுக் கடவுள் இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் பெனாதாத்தின் மந்திரிகளுக்கும் என்ன வித்தியாசம்? ஏழு வருஷம் செலவழித்து ஆலயம் கட்டிய சாலொமோனே பிரதிஷ்டை அன்றைக்கு, வானாதி வானங்கள் கொள்ளாதவரை நான் கட்டிய இந்த வீடு எப்படிக் கொள்ளும் என்று கேட்டுவிட்டார். ஷாமியானா போட்டவருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

அப்படியானால் கூட்டமே வேண்டாமா, ஆலயமே வேண்டாமா? நான் அதைச் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் இருக்கிறார், அதனால் நான் எங்கும் போகத் தேவையில்லை என்று ஞாயிறு காலை போர்வையை இழுத்து மூடுகிறவரின் வேதாந்தத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. மனிதனுக்கு இடம் வேண்டும். நமக்கு உடம்பு இருக்கிறது, முட்டி போடத் தரை வேண்டும். ஆனால் அந்தத் தேவை நம்முடையது, அவருடையது அல்ல. கிறிஸ்து தம்மை எங்கே வந்து பார்க்கலாம் என்று விசேஷமாகச் சொன்ன இடப்பட்டியல் மத்தேயு 25-ல் இருக்கிறது. பசித்தவன், தாகமாயிருப்பவன், அந்நியன், துணியில்லாதவன், வியாதியஸ்தன், சிறையில் இருப்பவன். வியாதியஸ்தன் என்பது அங்கே பச்சையாக எழுதியிருக்கிறது. பக்கவாதத்தில் கிடக்கிறவரைத் தேடிப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, இங்கே கிறிஸ்து இல்லை என்று சொல்லிவிட்டு வந்த ஊழியக்காரருக்கு அந்த அதிகாரத்தை யாராவது காட்டினால் தேவலை.

இடத்தோடு கடவுளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு ஆள் நாகமான். குஷ்டம் குணமான சீரியப் படைத்தலைவன். இஸ்ரவேலின் கடவுளைத் தன் ஊரில் கும்பிட இஸ்ரவேலின் மண் வேண்டும் என்று நினைத்து, இரண்டு கோவேறு கழுதை சுமக்கிற அளவு மண் கேட்கிறான். எலிசா அவனுக்கு சர்வவியாபி பற்றி வகுப்பு எடுக்கவில்லை. கிண்டல் செய்யவும் இல்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார். கொண்டுவந்த வெள்ளியையும் பொன்னையும் வஸ்திரத்தையும் கையால்கூடத் தொடவில்லை.

வேலைக்காரன் கேயாசிக்குத்தான் மனசு கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னால் ஓடி, எஜமான் அனுப்பினார் என்று பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரமும் வாங்கி வந்து வீட்டில் ஒளித்து வைத்தான். திரும்பி வந்ததும் எலிசா, நீ போன இடத்துக்கு என் மனமும் கூடவே வரவில்லையா என்று கேட்டார். அதற்கப்புறம் கேயாசிக்கு என்ன ஆயிற்று என்பது 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருக்கிறது.